மொட்டை மாடியில் மாப்பிள்ளைகள்

என் நாத்தனார் கோமதிக்குக் குஜராத்தில் ஒருவர் இருக்கிறார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

நம்புவதற்குக் காரணங்கள் இருந்தன. கோமதிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஒரு கல்லூரியில் நிலவியல் கற்பித்துக்கொண்டிருந்தாள். வந்த வரன்களையெல்லாம் ஒரே வரியில் தட்டிக் கழித்தவள், ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் தவறாமல் இரண்டு ரயில் மாறிக் கட்ச்சுக்குப் போனாள். போகும்போது சிடுசிடுப்பாகப் போவாள். வரும்போது முகம் கறுத்து, உதடு வெடித்து, காரணம் சொல்லாத ஒரு மகிழ்ச்சியோடு வருவாள். கூடவே இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய பைகள் வரும். அவற்றை யாரையும் தொடவிட மாட்டாள். இத்தனை தடயங்களை வைத்துக்கொண்டு சேலையூரில் ஒரு நடுத்தரக் குடும்பம் வேறு எந்த முடிவுக்கு வர முடியும்?

"யாரா இருந்தாலும் பரவால்ல, சைவமா இருந்தா போதும்" என்று மாமியார் படிப்படியாக இறங்கி வந்திருந்தார்.

"அங்க நெறைய பேர் சைவம்தாம்மா" என்று என் கணவர் தேற்றினார்.

உண்மையைக் கண்டறியும் பொறுப்பு, மருமகளாக வந்து இரண்டு வருடம்கூட ஆகாத என்னிடம் தரப்பட்டது. நான் பள்ளி நூலகர். ரகசியம் காப்பவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். (உண்மையில் பேசச் சோம்பேறி.) ஒரு ஜனவரி மாதக் காலையில், கோமதி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பையைத் திறந்தேன். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். பேக்கரியில் விற்கும் சின்ன பன் அளவில், செங்கல் நிறத்தில், உருண்டையாக ஒரு கல். அதன் உச்சியிலிருந்து ஐந்து இதழ்கள் விரிந்திருந்தன, யாரோ ஊசியால் புள்ளி வைத்துக் கோலம் போட்டதுபோல. கூடவே எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

"லவ் லெட்டர் தேடறீங்களா அண்ணி?"

ஈரத் தலையில் துண்டோடு கதவருகே நின்றாள். நான் கல்லைக் கீழே போடாமல் இருந்தது மட்டுமே அந்தக் காலையில் நான் செய்த நல்ல காரியம். அவள் கோபப்படவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கல்லை என் கையில் திருப்பி வைத்தாள்.

"இவர் கடல் முள்ளெலி. உயிரோட இருந்தப்ப ஒடம்பு பூரா முள்ளு. செத்ததும் முள்ளெல்லாம் உதிர்ந்துடும். ஓட்டுக்குள்ள சேறு போய் இறுகிக் கல்லாயிடும். ஜுராசிக் காலத்துல கட்ச் பூரா கடல் அண்ணி. இவருக்கு வயசு பதினாறு கோடி வருஷம்."

"வயசு வித்தியாசம்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் மாமியார் சமையலறையிலிருந்து வந்துவிட்டார். கல் அவர் கைக்குப் போயிற்று. நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சைவமா?"

"சேத்துல கெடக்கறதத் தின்னும்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கற்களுக்கு மாப்பிள்ளைகள் என்று பெயர். "மாப்பிள்ளைங்க மேல தூசி படியுது பாரு" என்று மாமியார் சொல்வார். வேடிக்கையாகச் சொல்கிறாரா, வருத்தமாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரிந்ததில்லை.

மாப்பிள்ளைகளில் ஒருவர் மட்டும் தனி. இருநூற்று ஏழாம் எண். இந்த உயிரினங்களை இனம் பிரிக்க, ஓட்டின் எந்த இடத்தில் ஆசனவாய் இருக்கிறது என்று பார்ப்பார்களாம். (இது மாமியாருக்குச் சொல்லப்படவில்லை.) இருநூற்று ஏழுக்கு அது உச்சிக்கும் விளிம்புக்கும் நடுவே, கோமதி பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓர் இடத்தில் இருந்தது. புதிய இனமாக இருக்கலாம் என்று அவளுடைய ஆய்வு நெறியாளர் சொல்லியிருந்தார். ஆனால் கல்லை, எடுத்த இடமும் பாறை அடுக்கும் குறித்து, அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும். கல் இல்லாமல் பெயர் சூட்ட முடியாது. ஏழு வருட உழைப்பு அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு. ஜூலையில் சமர்ப்பிக்க வேண்டும். அதன் கடைசி அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கல்தான்.

இங்கே என்னைப் பற்றிய ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது யார் எது கேட்டாலும் நான் "சரி" என்று சொல்லிவிடுவேன். காதில் விழும், மனதில் ஏறாது. என் கணவர் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கியது இப்படித்தான். என் அரக்குப் பட்டுப் புடவை மாமியாரின் சித்தி மகள் வீட்டுக்குப் போனதும் இப்படித்தான். இதை நான் ஒரு குறையாகவே கருதியதில்லை. ஆழ்ந்து படிப்பவளின் அடையாளம் என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த மே மாதம் கோமதி விடைத்தாள் திருத்தத் திருச்சிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து ஒவ்வொரு கல்லின் மேலும் மையால் எண் எழுதுவதாகத் திட்டம். அதுவரை எந்தக் கல் எது என்று சொல்ல, பொட்டலத்துக்குள் இருந்த சீட்டு மட்டுமே சாட்சி. அவள் போன மூன்றாம் நாள் கோடை மழை கொட்டியது. அவள் அறையின் கூரை ஒழுகி, தண்ணீர் நேராகக் கல் அலமாரியில் இறங்கியது.

அன்று நான் காட்டிய சுறுசுறுப்பை அதற்கு முன்பும் பின்பும் காட்டியதில்லை. நனைந்த பொட்டலங்கள் அனைத்தையும் பிரித்தேன். ஊறிப்போன செய்தித்தாளை எறிந்தேன். கற்களை மாடி வெயிலில் உலர்த்தி, கழுவிக் காயவைத்த நான்கு சிமென்ட் சாக்குகளில் போட்டு, மாடி வாசலை ஒட்டிய படிக்கட்டுத் தலைப்பில் வைத்தேன். சீட்டுகளை ஒவ்வொன்றாக மெல்லிய துணிக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டேன். எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டேன். முந்நூற்றுப் பதினொரு சீட்டுகள். ஒன்றுகூடத் தவறவில்லை.

தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். "கல்லும் பத்திரம், சீட்டும் பத்திரம்."

"நீங்க இருக்கீங்கன்னுதான் நிம்மதியா இருக்கேன் அண்ணி" என்றாள்.

ஒழுகும் கூரையைச் சரிசெய்யப் பம்மலிலிருந்து ஏழுமலை மேஸ்திரி வந்தார். மொட்டை மாடிக்கு அப்போதெல்லாம் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு குழைத்துப் பரப்பி, பெண்கள் வரிசையாகக் குந்தி மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் சதுர மண் ஓடுகளான தட்டோடுகளைப் பதிப்பார்கள். ஜல்லி மூட்டைகளை அவர் இறக்கி வைத்த இடமும் படிக்கட்டுத் தலைப்புதான். அதுவும் சிமென்ட் சாக்கு. அதுவும் செங்கல் நிறம்.

நான் கீழே கூடத்தில், ஒரு தடித்த நாவலின் கடைசி நாற்பது பக்கங்களில் இருந்தேன். அதில் ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. மாடிப் படியிலிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

"அக்கா, ஜல்லி பத்தலக்கா. படிக்கட்டாண்ட இன்னும் நாலு மூட்ட கீது. அத்த எடுத்துக்கவா?"

"சரி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்.

"அக்கா, இது உருண்ட உருண்டையா கீதுக்கா. பரவால்லயா?"

"சரி."

அவர் மனசாட்சி உள்ள மனிதர். மூன்றாவது முறையும் வந்தார். இந்த முறை பாதிப் படி இறங்கியே வந்தார்.

"அப்பால ஏன் போட்டேன்னு என்னிய கேக்கக்கூடாது. போட்டுறட்டா?"

"சரி, சரி."

(இரண்டு தடவை சொன்னேன். அந்த இரண்டாவது சரியை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

கப்பல் மூழ்கியது. முன்பின் தெரியாத பயணிகளுக்காகக் கண்ணீர் விட்டேன். பிறகு இரண்டு நாட்கள் தலைக்கு மேல் கட்டைகள் டொக் டொக்கென்று ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தன. அந்தத் தாளத்தில் மதியம் நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவளுக்குக் காபி கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, சீட்டுக்கட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். விருது வாங்குபவளைப்போல நின்றேன். அவள் புன்னகை பாதியில் நின்றது.

"சீட்டு இங்க இருக்கு. கல்லு?"

"மூட்டையில, மாடியில. எல்லாம் நல்லாக் காஞ்சிடுச்சு."

"எந்தக் கல்லோட எந்தச் சீட்டு அண்ணி?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நூலகத்தில் புகுந்து, எல்லாப் புத்தகங்களிலிருந்தும் எண்ணைக் கிழித்தெடுத்து, கிழித்த எண்களை மட்டும் அழகாக அடுக்கி வைத்திருக்கிறேன். வேறு யார் செய்திருந்தாலும் அறியாமை என்று விடலாம். இதையே தொழிலாகச் செய்து சம்பளம் வாங்கியவள் நான்.

"கல்லுலயும் எங்கயாவது நம்பர் இருக்கும்னு..." என்று ஆரம்பித்தேன். கற்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பதை அந்த வாக்கியமே சொல்லிவிட்டது. முடிக்கவில்லை.

அவள் மூச்சை இழுத்து விட்டாள். என்னைத் தேற்றத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"பரவால்ல. பாதிப் பேர மொகத்தப் பாத்தே சொல்லிடுவேன். இருநூத்தி ஏழத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். வாங்க, மூட்டையக் காட்டுங்க."

மாடியேறினோம். படிக்கட்டுத் தலைப்பில் மூட்டைகள் இல்லை. நான்கு காலிச் சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஏழுமலை மேஸ்திரி கடைசி வரிசைத் தட்டோட்டைப் பதித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, இங்க நாலு மூட்ட இருந்துதே?"

"அத்தத்தான் போட்டாச்சே. அக்காவ மூணு வாட்டி கேட்டேனே."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார்.

கட்டை அடிக்கப் பம்மலிலிருந்து வந்த பெண்களில் தங்கம் என்பவர்தான் முதலில் பேசினார். "நானும் சொன்னேன்க்கா, இது இன்னா ஜல்லி, அடிச்சா ஒடயவே மாட்டுது, கைதான் நோவுதுன்னு. முக்காவாசி அப்டி அப்டியே குந்திக்கினு கீது." பிறகு சற்றுத் தயங்கி, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். "பூப் போட்டாப்ல இருந்துச்சேன்னு ஒண்ண மட்டும் எட்த்து வெச்சேன். வோணும்னா எடுத்துக்கோ."

கோமதி அந்தக் கல்லை வாங்கினாள். அதன் மேலிருந்த சுண்ணாம்பை விரலால் துடைத்தாள். எனக்கு வேண்டுதல் பழக்கம் கிடையாது. அன்று ஒரு நிமிடம் இருந்தது. அவள் கல்லைத் திருப்பினாள், விளிம்பைத் தடவினாள், மறுபடி திருப்பினாள்.

"இது அவர் இல்ல. இது அங்க செருப்புலயே ஒட்டிக்கிட்டு வரும்" என்றாள். அதைத் தங்கத்தின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "நீங்களே வெச்சுக்கோங்க. பதினாறு கோடி வருஷத்துக் கல்லு. யாருக்கும் குடுத்துடாதீங்க."

என் கணவர் கடப்பாரை தேடிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு வருத்தம் வந்தால் எதையாவது இடிக்க வேண்டும்.

"ஒடைக்கலாம் சார்" என்றார் மேஸ்திரி. "சுண்ணாம்போட கலந்து, ரெண்டு நாளு அடிச்சு, கெட்டிப் பட்டுப் பூட்சு. இனிமே நோண்டுனா கல்லு வராது, தூளுதான் வரும். மழ வந்தா வூடு பூரா பேஜாராய்டும். அப்பால உங்க இஷ்டம்."

"வேணாண்ணா" என்றாள் கோமதி என் கணவரிடம். "விட்டுடு."

ஈரம் காயாத ஓட்டின்மேல் உட்கார்ந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இருநூத்தி ஏழுக்கு உங்க பேரத்தான் வெக்கறதா இருந்தேன் அண்ணி" என்றாள். "நீங்களே பொதச்சிட்டீங்க."

அது உண்மையா, என்னைத் தண்டிக்க அந்த நொடியில் புனைந்த பொய்யா என்று நான் பலமுறை கேட்டேன். கடைசிவரை அவள் சொல்லவில்லை.

ஒன்பது நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன். அவள் சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள். என்னைக் கடக்கும்போது மட்டும் வழிவிட்டு ஒதுங்கினாள். அந்த வீட்டில் அதற்கு முன் எனக்கு யாரும் அப்படி வழிவிட்டதில்லை. பத்தாம் நாள் காலை, இட்லிக்கு நடுவே, நடந்தது எதையும் சரியாக உள்வாங்கியிராத மாமியார் அலமாரியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏண்டி, மாப்பிள்ளைங்க யாரையும் காணல?"

கோமதி மெல்ல அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"மாடியில இருக்காங்கம்மா."

முதலில் என் கணவருக்குத்தான் சிரிப்பு வந்தது; வாயிலிருந்த இட்லியோடு எழுந்து ஓடினார். பிறகு கோமதி சிரித்தாள். நான் சிரிக்கத் தொடங்கி, எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று தெரியாமல் அழுதேன். அவள் எழுந்து வந்து என் தட்டில் இன்னோர் இட்லி வைத்தாள்.

அந்த டிசம்பரில் கட்ச்சுக்கு நானும் போனேன். பிராயச்சித்தம் என்று நினைத்துப் போனேன். சுமை என்று அவள் என்னை நினைத்திருக்கலாம். மரமில்லாத குன்றுகள், தண்ணீரில்லாத ஓடைகள். ஒரு நாள் முழுவதும் தேடி நான் கண்டெடுத்துக் கொடுத்த அபூர்வப் பொருள், காய்ந்து இறுகிப்போன ஒட்டகச் சாணம் என்று தெரியவந்தது. கோமதி அதற்கும் ஒரு சீட்டு எழுதி, செய்தித்தாளில் சுற்றி, என் பையில் வைத்தாள். நாற்பது கற்கள் கிடைத்தன. இருநூற்று ஏழு கிடைத்த ஓடைக்கரை மழையில் சரிந்து போயிருந்தது. அந்தச் சரிவுக்கு எதிரே நாள் முழுக்க நின்றோம். அவள் சுத்தியலைத் தூக்கவே இல்லை.

இரண்டு வருடம் தாமதமாக, ஓர் அத்தியாயம் குறைவாக, ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். முனைவர் ஆனாள். அதற்குப் பின் கட்ச்சுக்குப் போகவில்லை. கால் வலிக்கிறது என்றாள்.

ஆனால் எங்கள் மாடி ஒழுகவில்லை. முடிச்சூர் பக்கமெல்லாம் படகு விட்ட அந்தப் பெருமழையிலும், கோமதியின் அறையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. "கடல்லயே இருந்தவங்க, தாம்பரம் மழையெல்லாம் அவங்களுக்கு ஒரு மழையா" என்றாள் கோமதி. வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் என் கணவர் இந்தக் கதையைச் சொல்வார், மூன்று சரிகளையும் என் குரலிலேயே. எங்கள் உறவில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. நான் சரி என்று சொன்னால் செல்லாது. "புத்தகத்த மூடிட்டுச் சொல்லு" என்பார்கள். மூடிவிட்டுச் சொன்னால்தான் கணக்கு.

மாமியார் முதலில் போனார். அதற்குச் சில வருடங்கள் கழித்துக் கோமதிக்கு உடம்பு சரியில்லாமல் ஆயிற்று. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் ஆறு வாரம் இருந்தாள். பகலில் அவள் கட்டிலருகே நான் உட்கார்ந்திருப்பேன். ஒரு பிற்பகல், அவள் தூங்குகிறாள் என்று எண்ணிப் படித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, நான் கெளம்பட்டுமா?"

"சரி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நிமிர்ந்தேன். கண்ணை மூடியபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்; தோள் குலுங்கியது, சலைன் குழாய் ஆடியது.

"இன்னும் மாறவே இல்ல நீங்க" என்றாள்.

"செல்லாது" என்றேன். "புத்தகம் தெறந்திருந்துது. செல்லாது கோமதி."

"சரி" என்றாள்.

புத்தகத்தை மூடிப் பையில் வைத்தேன். அதன்பின் அந்த அறையில் எதையும் திறக்கவில்லை. கையை மடியில் வைத்து, அவள் என்ன கேட்டாலும் முழுதாகக் கேட்டுப் பதில் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள், எதுவும் கேட்காமல் போய்விட்டாள்.

சென்ற மாதம் வெயில் தாங்கும் புதிய ஓடு விற்கும் ஒருவர் வந்திருந்தார். பழைய சுண்ணாம்பு ஜல்லியை முழுவதும் பெயர்த்தெடுத்துவிட்டுத் தம்முடைய ஓட்டைப் பதித்தால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்றார். நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அடையாளம் வைத்து, புத்தகத்தை மூடி, வேண்டாம் என்றேன்.

சீட்டுக்கட்டு இப்போதும் அவள் அறையின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வரிசை கலையவில்லை, ரப்பர் பேண்டை மட்டும் இருமுறை மாற்றியிருக்கிறேன். கீழே நானும் என் கணவரும் இருக்கிறோம். மேலே முந்நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பம்மலில் ஒருவர் இருக்கிறார்.